கண் மை போட்டு சரியான ஃபிளின்ட்லாக்: 450 டாலர் பட்ஜெட்ல ஒரு கென்டக்கி ரைபிள் கிட்

போன சனிக்கிழமை ஒருவழியா 20 தடவ சுட்டதுல 19 தடவ வெடிச்சுது. டிசம்பர்ல இதே துப்பாக்கி 10க்கு 3 தடவ நமுத்துப் போன பட்டாசு மாதிரி புஸ்ஸுன்னு போய்க்கிட்டு இருந்துச்சு. நடுவுல ரெண்டு மாசம் என்ன தப்பு பண்ணேன், எங்க காசு வீணாச்சு, கடைசில எது காரணம்னு மறக்கறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடறேன்.

நான் இருக்கறது பென்சில்வேனியா. இங்க கிறிஸ்துமஸ் முடிஞ்ச மறுநாள்லேருந்து ஜனவரி வரைக்கும் மான் வேட்டைக்கு ஒரு தனி சீசன் இருக்கு, அதுல ஃபிளின்ட்லாக் மட்டும்தான் அனுமதி, அதாவது சக்கிமுக்கிக் கல்லு இரும்புல உரசி பொறி வந்து அதுல மருந்து பத்தி வெடிக்கற 18ம் நூற்றாண்டு முறை. இத்தனைக்கும் கென்டக்கி ரைபிள்னு பேரு வாங்கினது பொறந்ததே இங்கதான், லங்காஸ்டர் பக்கம் வந்து குடியேறின ஜெர்மன், சுவிஸ் ஆளுங்க ஊர்ல செஞ்சிட்டிருந்த குட்டையான யேகர் துப்பாக்கிய நீட்டி, துளைய சிறுசாக்கி பண்ணது. பேரு மட்டும் கென்டக்கிக்குப் போயிடுச்சு. பக்கத்து வீட்டுப் பெரியவர் 40 வருஷமா இந்த சீசன்ல காட்டுக்குப் போறவரு, அவரு வச்சிருந்தத ஒரு நாள் கையில குடுத்தாரு, அதோட எனக்குப் பித்து பிடிச்சிருச்சு. நான் சாத்தூர்க்காரன் வேற, கருமருந்து வாசனை மூக்குல ஏறினா ஊரு ஞாபகம் வந்துரும், அது தனி விஷயம்.

ரெடிமேடா நல்ல கையால செஞ்ச லாங் ரைபிள் வாங்கணும்னா ஆயிரக்கணக்குல போகும். நான் வாங்கின கிட், அதாவது பாகம் பாகமா வந்து நாமளே கட்டிக்கறது, 385 டாலர். 1968 சட்டப்படி வாய் வழியா கருமருந்து போட்டு அடைக்கற பழைய மாதிரி துப்பாக்கிங்க ஃபெடரல் கணக்குல 'ஆன்டிக்' வகையில வருது, அதனால டீலர்கிட்ட போகாம நேரா வீட்டு வாசலுக்கே பெட்டி வந்துரும். ஆனா சில மாநிலத்துல தனிச் சட்டம் இருக்கு, விசால இருக்கறவங்களும் தன்னோட நிலைமை என்னன்னு ஒழுங்கா விசாரிச்சுட்டு இறங்குங்க. பட்ஜெட் 450ன்னு வீட்டுல சொல்லிட்டேன். அந்த நம்பர அப்புறம் பாப்போம்.

பெட்டியில என்ன இருந்துச்சுன்னா, 50 காலிபர் எட்டுப்பட்டை பேரல், 33 அரை இஞ்ச், பின்பக்கம் அடைப்பு ஏற்கனவே போட்டு, டச் ஹோலும் (வெளில பத்தின நெருப்பு பேரலுக்குள்ள போற சின்ன ஓட்டை) போட்டுத்தான் வருது, அதுல நாம கை வைக்கற வேலை எதுவும் இல்ல, அதுதான் நல்லதும். ஸ்டாக், அதாவது மரக்கட்டை, ரெண்டு துண்டு, நடுவுல ஒரு பித்தளைத் தகடு. லாக், அதாவது கல்ல இரும்புல அடிக்கற மெஷின் பகுதி, அசெம்பிள் பண்ணி வந்துது. மத்ததெல்லாம் வார்த்து எடுத்த அப்படியே சொரசொரன்னு இருக்கற பித்தளை, அதாவது பட் ப்ளேட், டிரிக்கர் கார்டு, முன்னாடி மூக்குத் தொப்பி, ராம்ராட் வளையம். இது சிலருக்கு ஏமாத்தமா இருக்கும், ஏன்னா 'துப்பாக்கி கட்டறது'ன்னு சொன்னாலும் முக்கால்வாசி தச்சு வேலையும் பித்தளைப் பாத்திரம் தேய்க்கற வேலையும்தான்.

முதல் வேலை பட் ப்ளேட்ட கட்டையோட பின்பக்கத்துல இடைவெளி தெரியாம உக்கார வைக்கறது. கட்டையும் பித்தளையும் எங்க முட்டுதுன்னு கண்ணால பாத்தா தெரியாது, அதனால பித்தளைல ஏதாவது கருப்பு தடவி அழுத்தி எடுத்தா முட்டற எடத்துல மட்டும் கட்டைல கறை ஒட்டும், அந்த எடத்த மட்டும் சுரண்டணும், திரும்ப தடவி திரும்ப அழுத்தணும். இதுக்குன்னு தனியா ஒரு கருப்பு டப்பா விக்கறாங்க. அந்தக் காலத்துல விளக்குப் புகைய காட்டி அந்தக் கரிலயே பண்ணிருக்காங்கன்னு பெரியவர் சொன்னாரு. விளக்குக் கரி, எண்ணெய்... அட இது கண் மைதானேன்னு அப்பத்தான் தோணுச்சு. வீட்டம்மா இந்தியன் ஸ்டோர்ல வாங்கி வச்ச டப்பாவ எடுத்து ஒரு பழைய பெயின்ட் பிரஷால மெலிசா தடவினேன். பிரமாதமா வேலை செஞ்சுது. காயாது, ஒழுகாது, அரை கிராம் ஒரு பட் ப்ளேட்டுக்குப் போதும். "ஏங்க, என் மைய எங்க வச்சீங்க"ன்னு மூணாம் நாள் குரல் வந்துது, அது வேற கதை.

பட் ப்ளேட்டுக்கு 14 தடவ மை வச்சு எடுத்தேன். லாக் உக்கார்ற குழி ஏற்கனவே மெஷின்ல வெட்டி வந்தது, அங்க 4 தடவ போதுமானதா இருந்துச்சு, அப்படின்னுதான் நெனச்சேன். இந்த '4 தடவ'ய ஞாபகம் வச்சுக்கங்க.

அப்புறம் அரம். பித்தளைய கட்டையோட மட்டத்துக்கு ராவி எறக்கணும். 18 டாலருக்கு வாங்கின செட்டுல இருந்த பெரிய அரம் பத்து நிமிஷத்துல பித்தளைத் தூள் அடைச்சு வழுக்க ஆரம்பிச்சுது. பையனோட சாக்பீஸ அரத்துமேல தேச்சுட்டு ராவினா அடைக்கறது ரொம்ப கம்மியாகுது. நான் பண்ண தப்பு, முதல்ல கட்டைய தனியா அழகா உப்புத்தாள் போட்டுட்டு அப்புறம் பித்தளைய மாட்டி ராவினேன், அரம் ரெண்டு எடத்துல கட்டைல கோடு போட்டுருச்சு. ரெண்டையும் சேத்து மாட்டிட்டு ஒண்ணா ராவி ஒண்ணா தேய்க்கணும். 120, 180, 220, 320ன்னு போனேன். 220 முடிஞ்சதும் ஈரத்துணியால தொடச்சா கட்டைல பூனை முடி மாதிரி நார் எழும்பும், காஞ்சதும் அத லேசா தேச்சு எடுக்கணும், இத ரெண்டு தடவ பண்ணேன். இந்த ஒரு விஷயத்துல சோம்பேறித்தனம் படல, அது இப்பவும் தொட்டா தெரியுது.

கலர்லதான் சொதப்பினேன். ஒரிஜினல் துப்பாக்கிங்கல்லாம் வரி வரியா இருக்கற மேப்பிள் மரம், அதுல இரும்பு கரைச்ச அமிலம் பூசி சூடு காட்டினா தேன் கலர்ல வரி எழும்பும். என் கிட்ல இருக்கறது ஏதோ வரியே இல்லாத வெளுத்த மரம். நான் மிச்சம் புடிக்கறேன்னு இரும்பு நாரு ஒரு உருண்டைய வெள்ளை வினிகர்ல நாலு நாள் ஊறப்போட்டு, கட்டைல முதல்ல கெட்டியான டீ டிக்காஷன் பூசி, அது மேல இந்த இரும்புத் தண்ணிய பூசினேன். டீல இருக்கற டானினும் இரும்பும் சேந்தா கருக்கும்னு தெரியும், பழுப்பா நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. பத்து நிமிஷத்துல மழைல நனைஞ்ச எரவாணம் மாதிரி சாம்பக் கருப்பு ஆயிருச்சு. அதுவும் திட்டுத் திட்டா. வேஸ்ட்டுத் துண்டுல முதல்ல போட்டுப் பாத்திருக்கலாம், துண்டு வேணும்னா பெட்டி வந்த பலகையே இருந்துச்சு.

அத எடுக்க ஆக்ஸாலிக் அமிலம் 11 டாலர். வெந்நீர்ல கரைச்சு பூசினா இரும்புக் கறை கண்ணு முன்னாடியே மறையுது, பாக்க ஜோரா இருக்கும், ஆனா அது விஷம், கையுறை போடுங்க, காஞ்ச தூள மூச்சுல இழுக்காதீங்க. நல்லா தண்ணில கழுவி ஒரு வாரம் காயவிட்டு திரும்ப நார் எடுத்து, கடைசில ஸ்பிரிட்ல கலக்கற டை 10 டாலருக்கு வாங்கி தண்ணியா கலக்கி மூணு கோட்டா ஏத்தினேன். அதுமேல ஆளி விதை எண்ணெய், 8 கோட், ஒரு கோட்டுக்கு ஒரு நாள், உள்ளங்கையால தேச்சு ஏத்தறது. எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி குப்பைல போட்டுடாதீங்க, அது தானா சூடாகி பத்திக்கும், விரிச்சு வெளில காயப்போட்டுதான் தூக்கிப் போடணும். லாக் குழிக்குள்ளயும் நல்லா கெட்டியா எண்ணெய் விட்டேன், ஈரம் ஏறக்கூடாதுன்னு. அங்க அடில குட்டை மாதிரி தேங்கி அப்படியே கெட்டியாச்சு, அத நான் ஒரு பொருட்டா எடுத்துக்கல.

பேரலுக்கு கருப்பு வேணாம், அந்தக் காலத்துப் பழுப்பு வேணும்னு ஆசை. மொதல்ல வாங்கினது இரும்ப சூடாக்கிட்டு பூசற வகை. என்கிட்ட இருக்கற சின்ன டார்ச்சால 33 இஞ்ச் பேரல ஒரே சூட்டுல வைக்க முடியல, சில எடம் செம்பு கலர், சில எடம் ஊதா. 12 டாலர் போச்சு. எல்லாத்தையும் உப்புத்தாள் போட்டு எடுத்துட்டு மெதுவா துருப்பிடிக்க வைக்கற வகைக்கு மாறினேன். சொல்லப்போனா இது வேணும்னே துருவ வளக்கறது, அவ்ளோதான். பேரல அசிடோன்ல துடச்சு, அதுக்கப்புறம் வெறுங்கையால தொடவே கூடாது, பேரல் வாய்லயும் டச் ஹோல்லயும் மரக்கட்டை ஆப்பு அடிச்சு உள்ள போகாம மூடி, கரைசல ஒரே இழுப்புல பூசி, வெந்நீர் ஷவர தெறந்து விட்ட பாத்ரூம்ல தொங்க விட்டேன். ஆறேழு மணி நேரத்துல மெலிசா துரு பூக்கும், பழைய ஜீன்ஸ் துணியால அழுத்தித் தேச்சுட்டு அடுத்த கோட். மூணு நாள்ல 6 கோட். ஒரு எடத்துல என் கட்டவிரல் ரேகை அப்படியே வெளுப்பா விழுந்துது, அது இன்னும் இருக்கு, கையெழுத்துன்னு வச்சுக்கிட்டேன். முடிச்சதும் துரு மேல மேல போகாம நிறுத்த ஆப்ப சோடா கரைச்ச வெந்நீர ஊத்திக் கழுவி, சூடா இருக்கும்போதே எண்ணெய். மூணு நாள் ஒரே பாத்ரூம்ல நாலு பேரு குளிச்ச கதைய எழுதினா தனிப் பதிவு ஆயிடும்.

டிசம்பர் நடுவுல மாட்டி முடிச்சேன். முதல் ரெண்டு குண்டு தோள்ல வைக்காம பழைய டயர்ல கட்டி கயித்தால இழுத்து சுட்டோம், பெரியவர் அதுல கண்டிப்பு. மருந்து கிட்டோட புக்குல போட்ட குறைஞ்ச அளவு, 0.490 இஞ்ச் ஈயக் குண்டு, எண்ணெய் தடவின துணி. கருமருந்துக்கு பதிலா விக்கற மாத்து மருந்துங்க பொறி பட்டு சுலபமா பத்தாது, ஃபிளின்ட்லாக்குக்கு அசல் கருமருந்தேதான் வேணும். ரெண்டும் வெடிச்சுது. சந்தோஷமா தோள்ல வச்சு சுட ஆரம்பிச்சேன், மூணாவது புஸ். பான்ல, அதாவது டச் ஹோலுக்கு வெளில பொறி விழற சின்னக் கிண்ணத்துல, இருந்த மருந்து கூட பத்தல. நாலாவது டிக்... புஸ்ஸ்... டும், ஒரு நொடி லேட்டா. (வெடிக்கலன்னா உடனே எறக்கிப் பாக்காதீங்க, ஒரு நிமிஷம் முழுசா குறிப் பக்கமே காட்டிட்டு நில்லுங்க.)

இங்கதான் நான் காச வீசினேன். முதல் சந்தேகம் கல்லு. மூணு பாக்கெட், 27 டாலர், கறுப்புக் கல்லு, பழுப்புக் கல்லு, ஒரு சைஸ் பெருசு. கல்லோட சரிவு மேல பாத்து வைக்கறதா கீழ பாத்து வைக்கறதான்னு மாத்தி மாத்தி வச்சேன், பழைய பெல்ட்டு தோல வெட்டி கல்லுக்கு மெத்தை பண்ணேன். கொஞ்சம் தேவலாம், ஆனா போகல. அடுத்தது கல்லு உரசற இரும்பு, ஃப்ரிஸன், அது கெட்டியா இல்லன்னா பொறி வராது. அரத்த வச்சு ஓரத்துல இழுத்தேன், கண்ணாடி மேல வழுக்கற மாதிரி வழுக்குச்சு, ஆக இரும்பு கெட்டியாத்தான் இருக்கு. அப்புறம் டச் ஹோல்ல அடைப்பான்னு பைப் கிளீனர் விட்டுப் பாத்தேன், அப்புறம் குளிர்ல கிரீஸ் கெட்டியாகுதோன்னு எல்லாத்தையும் தொடச்சு மெலிசான எண்ணெய் போட்டேன், வெளில மைனஸ் 6, நியாயமான சந்தேகம்தான். அதுவும் இல்ல. இதுக்குள்ள சீசன் முடிஞ்சு போச்சு. காட்டுக்குப் போகவே இல்ல.

பெரியவர் ஜனவரி கடைசில ஒரு நாள் காபி குடிக்க வந்தவரு, லாக்க கழட்டுன்னாரு. கழட்டி கையில வச்சுக்கிட்டு, இருட்டான கராஜ்ல, மருந்து எதுவும் இல்லாம, தட்டினாரு. மத்தாப்பு! பொறி கொத்தா பான்ல விழுது. இப்ப மாட்டுன்னாரு. பேரல்ல ஒண்ணும் இல்லன்னு ராட் விட்டுப் பாத்துட்டு மாட்டி தட்டினேன். ரெண்டு மூணு பொறி, அதுவும் சோம்பேறியா. கல்லு அதே, இரும்பு அதே, ஸ்பிரிங்கும் அதே, மாறினது ஒண்ணே ஒண்ணு, இப்ப அது கட்டைக்குள்ள இருக்கு. அவரு வேற எதுவும் சொல்லல, காபிய முடிச்சுட்டுப் போயிட்டாரு. ஒன்றரை மாசமா நான் தேடினது அவருக்கு அஞ்சு நிமிஷம்.

திரும்ப கண் மை. லாக்கோட உள்பக்கம் கல்லோட சேந்து சுத்தற டம்ளர்ங்கற இரும்புத் துண்டு, ஸ்பிரிங், ஸ்க்ரூ தலை எல்லாத்துலயும் தடவி மாட்டி, நாலு தடவ மெதுவா இழுத்து விட்டு, கழட்டிப் பாத்தா குழி அடில அரிவாள் மாதிரி வளைஞ்ச கறுப்புக் கோடு. டம்ளர் சுத்தும்போது கட்டைய உரசிக்கிட்டே போகுது. நான் மொதல்ல 4 தடவ மை வச்சு சரி பாத்தது கலர் போடறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஆக்ஸாலிக் கழுவல்ல மரம் கொஞ்சம் ஊதிருக்கு, அதுமேல நான் குட்டை கட்டின எண்ணெய் காஞ்சு ஒரு படிவமா நின்னிருக்கு, போதாததுக்கு லாக் ஸ்க்ரூவ இறுக்கு இறுக்குன்னு இறுக்கி தகட்ட இன்னும் உள்ள இழுத்திருக்கேன். கல்லு அடிக்கற வேகத்த கட்டை தின்னுட்டு இருந்துச்சு. சின்ன உளிய குறுக்க பிடிச்சு சுரண்டறது, மை, மாட்டறது, கழட்டறது. 11 சுத்து. எடுத்த மரத்தூள மொத்தமா சேத்தா ஒரு டீஸ்பூன் கூட வராது. ஆழத்த காலிப்பர்ங்கற அளவு கருவில பாத்தப்ப முக்கால் மிமீ தான் வித்தியாசம். கடைசி சுத்துல கட்டைல மை ஒட்டவே இல்ல. ஸ்க்ரூவ விரல் இறுக்கத்துக்கு மேல கால் சுத்து, அவ்ளோதான்.

சுரண்டின எடத்துல இப்ப எண்ணெய் ஒரே ஒரு மெலிசு கோட், உடனே தொடச்சாச்சு.

அதுக்கப்புறம் குறி சரி பண்றது சுலபம், இது வெறும் கணக்கு. 25 கஜத்துல குண்டு 4 இஞ்ச் இடது பக்கம் போச்சு. முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவுல 26 இஞ்ச். 25 கஜம்னா 900 இஞ்ச். 4 பெருக்கல் 26 வகுத்தல் 900, 0.116 இஞ்ச், கிட்டத்தட்ட 3 மிமீ. பின் குறிய பித்தளைத் துண்டு வச்சு வலது பக்கம் தட்டினேன், குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம்தான் பின் குறிய தள்ளணும், நான் மொதல்ல எதிர்ப்பக்கம் தட்டிட்டு 8 இஞ்ச் தள்ளிப் போனத பாத்து முழிச்சேன். உசரத்துக்கு முன் குறிய ராவினா குண்டு மேல ஏறும், அத கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு இழுப்புக்கு ஒரு குண்டுன்னு பாத்து, ஏன்னா ராவினத ஒட்ட வைக்க முடியாது. இப்ப 50 கஜத்துல உக்காந்து சுட்டா அஞ்சு குண்டும் ஒரு டீ தட்டுக்குள்ள விழுது. பெரியவரோடது காபி கப்புக்குள்ள.

கணக்கு. கிட் 385, அரம் 18, உப்புத்தாள் 14, உருப்படாத முதல் பேரல் கலர் 12, ரெண்டாவது 13, அசிடோன் 8, வினிகரும் இரும்பு நாரும் 6, ஆக்ஸாலிக் 11, டை 10, எண்ணெய் 9, கல்லு 27, புது கண் மை 4. மொத்தம் 517. மருந்து, குண்டு, ரேஞ்ச் காசு இதுல சேக்கல, சேத்தா வீட்டுல படிக்கறவங்க இருக்காங்க. கல்லு ஒரு பாக்கெட்டே போதும்னு வச்சு, டார்ச் கலர், டீ கூத்து, அத கழுவின அமிலம் எல்லாம் கழிச்சா 47 டாலர் வெட்டிச் செலவு. அப்பவும் 470, பட்ஜெட்டுக்கு மேலதான்.

அடுத்த தடவ பண்ணா (பண்ணுவேன், வரி மேப்பிள்ல) எண்ணெய் எல்லாம் முடிஞ்சு காஞ்சதுக்கு அப்புறம் லாக் குழிய திரும்ப ஒரு தடவ மை வச்சுப் பாப்பேன். வெடிக்கலன்னா முதல் வேலையா லாக்க கழட்டி கையில தட்டிப் பாப்பேன், கடைக்குப் போறது அப்புறம். கலர் பலகைல. அரம் ஒண்ணே ஒண்ணு, நல்லதா, செட்டு வேணாம், அதுல இருந்த மத்த அஞ்சையும் நான் தொடவே இல்ல.

இன்னொண்ணு. போன சனிக்கிழமை 20 குண்டு சுட்ட சந்தோஷத்துல வீட்டுக்கு வந்து சாப்பிட்டு தூங்கிட்டேன். கருமருந்துக் கசடு காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், அன்னிக்கே சோப்பு வெந்நீர் விட்டு கழுவணும்னு தெரிஞ்சும். காலைல துணி விட்டு எடுத்தா ஆரஞ்சு கலர்ல வருது. மூணு மணி நேரம் தேச்சேன், போயிருச்சு, பெரும்பாலும். துரு வளக்கறதுல நமக்கு இப்ப நல்ல அனுபவம்.